வெள்ளிக்கிழமை இலை

பெருமாள்சாமிக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள், அவர் முதுகைத் திருப்பினால் சொல்லாமல் இருக்கவும் மாட்டார்கள். திண்டுக்கல் பழனி ரோட்டில் சமையல் கூடம் வைத்துக் கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு என்று வருடக்கணக்காகப் பந்தி நடத்துகிற மனுஷர் ஒரே ஒரு கல்யாணத்தில் சறுக்கினார். மாப்பிள்ளை வீட்டார் பூசணிக்காய் சாம்பார் கேட்டார்கள், சரி என்றார். பெண் வீட்டார் பூசணிக்காய்க் கூட்டு கேட்டார்கள், அதற்கும் சரி என்றார். இனிப்புக்குக் காசி அல்வா வைக்கலாமே என்று யாரோ சொன்னார்கள், தாராளமாக என்றார். காசி அல்வாவும் பூசணிக்காய்தான் என்பது அவருக்குத் தெரியாததா? ஆனால் வேறுவேறு ஆட்கள் வேறுவேறு நாளில் போனில் சொன்னதால், எல்லாம் ஒரே இலையில் வந்து உட்காரும் வரை அவர் மண்டையில் உறைக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவப் போன மாப்பிள்ளையின் சித்தப்பா, "வாசல்ல திருஷ்டிக்கு உடைக்க ஒண்ணாச்சும் மிச்சம் வச்சீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் பூசணி பெருமாள்சாமி.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் ஜெஸ்ஸி சிரிப்பாள். கூடவே அந்தப் பூசணிக்காய்க்கு மனசுக்குள் ஒரு நன்றியும் சொல்லிக்கொள்வாள். அது இல்லையென்றால் பெருமாள்சாமி அவளைத் தேடி வந்திருக்க மாட்டார்.

ஜெஸ்ஸி திண்டுக்கல் மேட்டுப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டவள். வாழ்க்கைப்பட்டவள் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். பெங்களூரில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிற வேலை. புருஷன் ஆனந்த்ராஜ் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்ததெல்லாம் சனி ஞாயிறுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வருவாள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் ஏறிப் போவாள். சண்டை போடக்கூட நேரம் இருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சண்டையை ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போவதற்குள் முடித்தாக வேண்டும்.

இந்த முறை சம்பளமில்லாமல் இரண்டு மாதம் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். ஊரிலேயே இருந்து நாலு பேருக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்துப் பிழைக்க முடியுமா என்று பார்த்துவிடுவது என்ற எண்ணம். வந்த புதிதில் அடுப்பைப் பற்றவைத்தால் கேஸ் இல்லை. சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த வீட்டுல ஆள் இருக்கீகளா? இங்க நான் சிலிண்டர் போட்டு வருசத்துக்கு மேல ஆச்சே தாயி."

ஜெஸ்ஸி அன்று சாயங்காலம் ஆனந்த்ராஜைப் பிடித்துக் கேட்டாள். திங்கள் முதல் வெள்ளி வரை அவன் சாப்பாடு பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருக்கிற மெஸ்ஸில்தானாம். "ஒத்த ஆளுக்கு என்னத்த ஆக்குறது?" என்று அவன் சாதாரணமாகச் சொன்னான். அவன் சாதாரணமாகச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான், கம்ப்யூட்டர் தெரிந்த பெண் ஊருக்கு வந்திருப்பதைக் கேள்விப்பட்டுப் பெருமாள்சாமி வந்தார். அவர் கேட்டது இதுதான். ஒரு விசேஷத்துக்கு என்னென்ன வகை வேண்டும், ஒவ்வொரு வகையிலும் என்னென்ன பதார்த்தம் தன்னால் செய்ய முடியும் என்று அவர் சொல்வார். எத்தனை விதமாக இலையை நிரப்பலாமோ அத்தனையையும் கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே காய் இரண்டு தடவை வருகிற இலையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மிச்சத்தில் இரண்டு வீட்டாரும் ஆசைப்பட்டது எதில் அதிகம் இருக்கிறதோ அதை முதலில் காட்ட வேண்டும்.

"இது மட்டும் ஒழுங்கா ஓடுச்சுன்னா நான் வாங்கிக்கிறேன்மா. எங்க சமையக்காரங்க சங்கத்துல இருக்க அம்புட்டுப் பேரையும் வாங்க வைக்கிறேன். பூசணிக்காய்க்குப் பயந்து தூக்கம் போனவன் நான் மட்டும் இல்ல" என்றார்.

சங்கத்து ஆட்கள் வாங்கினால் பெங்களூருக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். வாங்காவிட்டால் பழையபடி ஞாயிற்றுக்கிழமை பஸ். அவ்வளவுதான் கணக்கு.

முதலில் அவள் எழுதியதைப் பார்த்தால் அவளுக்கே இப்போது சிரிப்பு வரும். பெருமாள்சாமி மாதிரிக்கு இனிப்பு, பொரியல், கூட்டு என்று மூன்று வகை சொன்னார். இவள் மூன்று லூப் எழுதினாள், பட்டியலில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிற மூன்று சுற்று, ஒன்றுக்குள் ஒன்று. ஒவ்வொரு இனிப்புக்கும் ஒவ்வொரு பொரியல், அந்த ஒவ்வொரு பொரியலுக்கும் ஒவ்வொரு கூட்டு. நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் அவர் சாம்பாரைச் சேர்த்தார், உள்ளே நாலாவது லூப் எழுதினாள். அதற்கடுத்து ரசமும் பாயாசமும், கறி விருந்துக்கென்று ஆட்டுக்கறி, கோழிக்கறிப் பட்டியலும் வந்தன. கடைசி வரி லேப்டாப் திரையின் வலது ஓரத்துக்கே போய்விட்டது.

"அண்ணே, மொத்தம் எத்தன வகைன்னு ஒரேயடியா சொல்லிருங்க" என்று கேட்டாள்.

"அத எப்படிம்மா சொல்ல முடியும்? சித்தையன்கோட்டையில ஒரு காதுகுத்துக்கு நாலு போதும்பாக. இன்னொருத்தரு பன்னெண்டு கேப்பாரு. கையில இருக்கறது போதாம ஆயக்குடிக் கொய்யாவுல அல்வா கிண்டச் சொல்ற ஆளெல்லாம் இருக்காக."

எத்தனை வகை வரும் என்று தெரியாதபோது எத்தனை லூப் எழுதுவது? ஜெஸ்ஸி இரண்டு நாள் முழித்தாள். பிறகு ஒரு நாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, விஷயம் பிடிபட்டது. முழு இலையையும் ஒரே மூச்சில் நிரப்பப் பார்ப்பதுதான் தப்பு. எந்தப் பந்தியிலும் அப்படி நடப்பதில்லையே. முதலில் வெறும் இலை ஒன்றைப் போடு. இனிப்பில் மூன்று இருந்தால் அந்த வெறும் இலை மூன்று இலையாகும், ஒவ்வொன்றிலும் ஓர் இனிப்பு. அடுத்து பொரியலில் நாலு இருந்தால் அந்த மூன்றும் பன்னிரண்டாகும். எத்தனை வகை வந்தாலும் செய்கிற வேலை ஒன்றுதான். கையில் இருக்கிற இலைகளை எடு, அடுத்த வகையில் இருப்பதை ஒவ்வொன்றாக வைத்துப் புது இலைகளாக்கு, அதோடு அந்த வகையை மறந்துவிடு. நாலு வகையானாலும் நாற்பது வகையானாலும் அதே பத்து வரிகள் போதும். வாயில் நுரையோடு அவள் ஓடிவந்து சொன்னதில் ஆனந்த்ராஜுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. சந்தோஷமான செய்தி என்பது மட்டும் புரிந்து, அவனும் சந்தோஷப்பட்டான்.

பெருமாள்சாமி தன் பங்குக்கு ஒரு கட்டளையும் சொல்லியிருந்தார். "வெள்ளிக்கிழமை நம்ம அடுப்புல கறி ஏறாது. எங்க அப்பா காலத்துல இருந்து அப்படி. எவன் வந்து கேட்டாலும் கிடையாது." ஜெஸ்ஸி அதையும் எழுதினாள். விசேஷம் வெள்ளிக்கிழமை விழுந்தால் கறிப் பட்டியலில் இருக்கிற அத்தனையும் தானாகவே மறைந்துவிடும். எழுதி முடித்து, சோதித்தும் பார்த்தாள். தங்கச்சி கல்யாணத் தேதி, அண்ணன் பிள்ளை சர்ச்சில் முதன்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மைத் தேதி, ஆனந்த்ராஜின் மாமா வீட்டைப் பாதிரியார் வந்து மந்திரித்த தேதி என்று வீட்டு விசேஷத் தேதிகளாகப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் இலை இலையாக வந்து விழுந்தது.

பெருமாள்சாமி பரீட்சைக்கு ஒரு சனிக்கிழமையைக் குறித்தார். ரெட்டியார்சத்திரத்து வேலுசாமி மகள் கல்யாணத்துக்குச் சாப்பாடு பேச வருகிறார், அவர் கண்முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். விடுப்பு மறுநாளோடு முடிகிறது. ஆனந்த்ராஜ் எதற்கும் இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தான். கடைசி நேரத்தில் போனால் கிடைக்காது, அவன் செய்தது புத்திசாலித்தனம்தான். ஆனாலும் ஜெஸ்ஸிக்கு அவன்மேல் கோபம் வந்தது. காலையில் அவனிடம் பேசாமலே கிளம்பினாள்.

சமையல் கூடத்தின் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வேலுசாமியும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். பெருமாள்சாமி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவரைவிட அவர் சட்டை பதற்றமாக இருந்தது, அக்குள் இரண்டும் நனைந்துவிட்டன.

"கம்ப்யூட்டர்ல மெனு போடுறீங்களாமுங்க?" என்று வேலுசாமி சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஆமாங்கண்ணே. இனிமே குழப்பமே வராது" என்றார் பெருமாள்சாமி. "ஏம்மா, எல்லா வகையையும் வை. வேண்டாததை அண்ணன் பார்த்து அப்புறம் கழிச்சுக்கிரட்டும்."

ஜெஸ்ஸி எல்லா வகைகளையும் தேர்ந்தெடுத்தாள். கல்யாணத் தேதியைக் கேட்டாள்.

"வைகாசியிலுங்க. வெள்ளிக்கிழமை முகூர்த்தம்" என்று வேலுசாமி தேதியைச் சொன்னார்.

தேதியைப் போட்டாள். பட்டனை அழுத்தினாள். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. பொருத்தமான இலைகள்: 0.

வேலுசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஒரு இலைகூட இல்லீங்களா?"

ஜெஸ்ஸி தேதியைச் சரிபார்த்தாள். மறுபடியும் அழுத்தினாள், மறுபடியும் அதேதான். காய் திரும்ப வரக்கூடாது என்ற விதி எல்லா இலையையும் தூக்கிப் போட்டுவிட்டதோ? அந்த விதியை எடுத்துவிட்டு ஓட்டினாள். அப்போதும் ஓர் இலையும் வரவில்லை. தேதியை மாற்றி ஞாயிற்றுக்கிழமை என்று போட்டால் மளமளவென்று கொட்டியது. வெள்ளிக்கிழமை போட்டால் மொட்டை. பெருமாள்சாமி பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அவர் ஒன்றும் திட்டவில்லை. "காபி சொல்றேன்" என்று எழுந்து போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாளை ராத்திரி பஸ் ஸ்டாண்டில் ஆனந்த்ராஜ் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பதும், பஸ் கிளம்பிய பிறகு நேராக மெஸ்ஸுக்குப் போவதும் அவள் கண்முன் வந்தது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

காபி வந்தது. வேலுசாமியின் மனைவி டம்ளரை வாங்கிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை வாயைத் திறக்காத அம்மாள்.

"ஏங் கண்ணு, ஞாயித்துக்கிழமைக்கு வருது, வெள்ளிக்கிழமைக்கு வரமாட்டேங்குது. வெள்ளிக்கிழமை கறி கிடையாது, சரி. அதுக்காகச் சோறுமா கிடையாது?"

குறும்பாகக் கேட்டதுதான். வேலுசாமி சிரித்தார். ஜெஸ்ஸி சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நடந்தது அதுவேதான். இனிப்பு வைத்து, பொரியல் வைத்து, கூட்டு வைத்து, இலைகள் பெருகிக்கொண்டே வருகின்றன. கறியின் முறை வருகிறது. வெள்ளிக்கிழமை, கறிப் பட்டியல் காலி. கையில் இருக்கிற ஒவ்வொரு இலையையும் எடுத்து அடுத்த பதார்த்தத்தை வைத்துப் புது இலையாக்கு என்று அவள் எழுதியிருந்தாள். வைக்க ஒன்றும் இல்லை, அதனால் புது இலை ஒன்றுகூட ஆகவில்லை. கறி வாளி வரவில்லை என்பதற்காக, அதுவரை பரிமாறின இலைகளையெல்லாம் சுருட்டித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது அவள் புரோகிராம்.

இத்தனை சோதனையில் இது எப்படித் தப்பியது என்பதும் அடுத்த நொடியே புரிந்தது. அவள் போட்டுப் பார்த்ததெல்லாம் தன் வீட்டு விசேஷத் தேதிகள். அவர்கள் கத்தோலிக்க வகையறாவில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது, கறி இல்லாமல் விருந்தும் கிடையாது, அதனால் வெள்ளிக்கிழமையில் யாரும் கல்யாணமே வைக்கமாட்டார்கள். பிறந்ததிலிருந்து சொந்தபந்தத்தில் அவள் ஒரு வெள்ளிக்கிழமை விருந்தையும் பார்த்ததில்லை. கறி இல்லாத கல்யாணச் சாப்பாடு என்று ஒன்று உலகத்தில் இருப்பதை அவள் புத்தி ஏற்றுக்கொள்ளாமலே புரோகிராம் எழுதியிருக்கிறது.

"செத்த நேரம் அண்ணே. காபி ஆறுறதுக்குள்ள முடிச்சுருவேன்" என்றாள்.

ஒரு வகை காலியாக இருந்தால் கையில் இருக்கிற இலைகளைத் தொடாமல் அப்படியே அடுத்த வகைக்கு அனுப்பு. எழுத வேண்டியது அவ்வளவுதான், இரண்டு வரிகள். எழுதிவிட்டுக் காய் விதியை மறுபடியும் சேர்த்தாள். வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டாள். மாதாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

இலைகள் வந்தன. திரை கொள்ளாமல் வந்துகொண்டே இருந்தன. ஜெஸ்ஸிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, அது அடுத்த அறை வரை கேட்டிருக்கும்.

"சரி, உங்களுக்கு என்னென்ன ஆசைன்னு சொல்லுங்க. சம்பந்தி வீட்டுல என்ன கேட்டாங்கன்னும் சொல்லுங்க" என்று வேலுசாமியைக் கேட்டாள்.

வேலுசாமி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சம்பந்தியம்மா முருங்கைக்காய் சாம்பார் கேட்டாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். காசி அல்வா."

பெருமாள்சாமியின் முகம் விழுந்துவிட்டது. நாற்காலி நுனிக்கு வந்தார். "அது எதுக்குக்கா? வேற நல்ல அல்வாவா செஞ்சு தாரேன்."

"ஏனுங்க, அந்தக் கல்யாணத்துக்கு நாங்களும்தான் வந்திருந்தமுங்க. பூசணிக்காயா வந்துச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு பேசினாங்க. பேசிக்கிட்டே அல்வாவ ரெண்டாந்தடவ கேட்டு வாங்குனதும் அவங்கதானுங்க. அந்த அல்வாவுக்காகத்தான் இவர இங்க இழுத்துட்டு வந்தேன்."

பெருமாள்சாமி மெல்ல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். இத்தனை நாளாக அந்தக் கல்யாணத்து ஆள் எவரையும் கடைவீதியில் பார்த்தால் சந்தில் நுழைந்துவிடுகிற மனுஷர் அவர்.

ஜெஸ்ஸி காசி அல்வாவையும் முருங்கைக்காய் சாம்பாரையும் குறித்தாள். முதல் இலை மேலே வந்து நின்றது. அல்வாவைத் தவிர அதில் வேறு எங்கும் பூசணிக்காய் இல்லை. கூட்டுக்குப் புடலங்காயும் பொரியலுக்கு அவரைக்காயும் வந்திருந்தன. பெருமாள்சாமி விரல் வைத்து ஒவ்வொரு பதார்த்தமாகப் படித்தார். முடித்துவிட்டு, நம்பிக்கை இல்லாமல் திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"பூசணி ஒரே எடத்துலதான் இருக்கு" என்றார்.

"இனிமே எப்பவும் அப்படித்தான் அண்ணே."

"அப்பச் சரி. சங்கத்துக் கூட்டம் புதன்கிழமை. நீயே வந்து காட்டுறியாம்மா? இல்ல, பெங்களூரு போயிருவியா?"

ஜெஸ்ஸி வாயைத் திறந்தாள். "இங்கதான் அண்ணே இருப்பேன்" என்று சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வாசலுக்கு வந்தால் ஆனந்த்ராஜ் வண்டியோடு புளியமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தான். பள்ளிக்கூடம் விடுமுறை. காலையிலிருந்தே அங்கேதான் நிற்கிறான் என்பது வேர்வையில் ஊறிப்போன அவன் சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. உள்ளே வந்து கேட்கத் தைரியம் இல்லாத ஆள்.

"என்ன ஆச்சு?"

"ஒரு வகை இல்லேன்னா மொத்த எலையும் போயிருச்சு. சரி பண்ணிட்டேன்."

"புரியல."

"உங்களுக்குத்தான் முதல்ல புரியணும்" என்றாள் ஜெஸ்ஸி. "நானும் உங்கள மாதிரியே எழுதி வச்சிருந்தேன். நான் ஒருத்தி ஊர்ல இல்லேன்னா, அந்த வீட்டுல ஒல வைக்கக்கூடாதா? ஒரு ரசம் வச்சுத் தின்னக்கூடாதா? மூணு வருசமா அடுப்பையே அணைச்சுப் போட்டுட்டு ஒக்காந்திருக்கீங்க." சொல்லச் சொல்லக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது. இப்போது அடக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆனந்த்ராஜ் கொஞ்ச நேரம் வண்டிச் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தான். சரி பண்ணிட்டேன் என்று அவள் சொன்னது அப்போதுதான் அவன் காதில் முழுதாக விழுந்தது போலிருந்தது.

"அப்ப, நாளைக்கு டிக்கெட்டு?"

"கேன்சல் பண்ணிருங்க."

அவன் போனை எடுத்தான். டிக்கெட்டை ரத்து செய்தான். அதற்குப் பிறகும் போனை உள்ளே வைக்காமல் வேறு ஏதோ அழுத்திக்கொண்டு நின்றான்.

"இன்னும் என்ன பண்றீங்க?"

"அடுத்த சிலிண்டருக்குப் பதிஞ்சு வைக்கிறேன். இனிமே மாசா மாசம் வேணும்ல" என்றான்.